80 வயதைத் தாண்டிய பெரியவருக்கு உடற்பயிற்சி: வீட்டில் எப்படித் தொடங்குவது

வீட்டில் 80, 85 வயதான பெரியவர் இருக்கிறார், அவருக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க." நடப்பது நல்லதுதான். ஆனால் அந்த வயதில் முதலில் கைவிட்டுப் போவது எழுந்திருக்கும் பலம். உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாதவர் எங்கே நடக்கப் போகிறார்? அதனால் இங்கே நடை மூன்றாவதாகத்தான் வருகிறது. முதலில் காலுக்குப் பலம், அடுத்து தடுமாறாமல் நிற்கும் பழக்கம், அப்புறம் நடை.

யாங்கோன், பகோ, மோல்மேன், தட்டோன் என்று பர்மாவில் எங்கே இருந்தாலும், வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பல வீடுகளில் நடு வயதுக்காரர்கள் தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். அப்பத்தாவைப் பார்த்துக்கொள்வது 17 வயதுப் பேத்தியாக இருக்கலாம். அவளுக்கும் புரிய வேண்டும்.

பால்கனிக் கயிற்றால் வரும் வினை

யாங்கோன் நகர நடுவிலுள்ள பழைய கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறு மாடி, ஏழு மாடி இருக்கும், லிஃப்ட் இருக்காது. படிக்கட்டு குறுகல், செங்குத்து, பகலிலேயே இருட்டு. பால்கனிகளிலிருந்து தெருவரைக்கும் கயிறுகள் தொங்கும். கயிற்றின் மேல்முனையில் மணி, கீழ்முனையில் ஒரு கிளிப். கீழே நிற்பவர் இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பரோ மருந்தோ பலகாரப் பொட்டலமோ, கிளிப்பில் மாட்டிவிட்டால் மேலே போய்விடும்.

நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான்காவது மாடியில் இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கு அந்தக் கயிறு வழியாகவே எல்லாம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? முதலில் கடைக்கு இறங்குவது நிற்கும். பிறகு கோயிலுக்கு இறங்குவது வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று ஆகும், பிறகு திருவிழாவுக்கு மட்டும் என்று ஆகும். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். "நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று மரியாதையாகவும் பாசமாகவும் நாம் செய்வதெல்லாம், ஒரு நாளில் அவர் எழுந்திருக்கும் தடவைகளைக் குறைத்துக்கொண்டே போகும். 75 வயதுக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் கால் பலம் தானாகவே குறைகிறது. அதோடு உட்கார்ந்தே இருப்பதும் சேர்ந்தால் இறக்கம் இன்னும் வேகமாக இருக்கும்.

இந்த வயதில் தசை ஏறுமா?

ஏறும். இதைச் சந்தேகப்படுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையிலான 10 பேருக்கு 8 வாரம் தொடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இருந்ததைப்போல இரண்டே முக்கால் மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பேர் என்பது சின்னக் கூட்டம்தானே என்று கேட்கலாம். 1994இல் அதே குழுவினர் சராசரியாக 87 வயதான 100 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள். 10 வாரப் பயிற்சி செய்தவர்களுக்குக் கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது, நடை வேகம் சுமார் 12 சதவீதமும், படி ஏறும் திறன் 28 சதவீதமும் கூடின. அந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி இல்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பலம் கூடவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் டானிக் டப்பா வாங்கிவரச் சொல்லும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று முக்கியம். அந்த முதியவர்கள் லேசாகக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருக்கவில்லை. தங்களால் தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதம் அளவுக்கு, ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டு, கால்களால் தூக்கினார்கள். பயிற்சி என்றால் கொஞ்சம் சிரமமாக இருக்க வேண்டும். வீட்டில் நாம் அவ்வளவு எடைக்குப் போகப் போவதில்லை. ஆனாலும் கடைசி இரண்டு தடவை "அப்பாடா" என்று சொல்ல வைக்கவில்லையென்றால் அது பலப் பயிற்சி ஆகாது.

இன்னொரு பலன், கீழே விழுவது குறைவது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் ஒரு கணக்கு வந்தது: பயிற்சி செய்கிறவர்களிடம் விழுகிற தடவைகள் 23 சதவீதம் குறைவு. அதிலும் நிற்கும் நிதானத்தையும் எழுந்து உட்காருவதையும் பழக்கும் பயிற்சிகளுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. இது போக தூக்கம், மலச்சிக்கல், சர்க்கரை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் உதவும். ஆயுசு கூடுமா என்ற கணக்குக்கு நான் போகவில்லை. இடுப்பெலும்பு உடையாமல் இருந்தாலே அந்த வீட்டுக்குப் பெரிய லாபம்.

தொடங்குவதற்கு முன்

ரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் தேய்மானம் ஆகியவை கட்டுக்குள் இருந்தால் அவை தடை இல்லை. சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் இது அதிகம் வேண்டும். ஆனால் நெஞ்சுவலி, படுத்திருக்கும்போதே மூச்சிரைப்பு, கால் திடீரென வீங்குவது, அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பிரஷர் பார்க்கும் கருவி வீட்டில் இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்குங்கள். பெரியவரை 5 நிமிடம் படுக்க வைத்து அளவு எடுங்கள். எழுந்து நிற்க வைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், எழுந்தவுடன் தலை சுற்றி விழும் ஆபத்து இருக்கிறது. அந்த எண்களை எழுதி, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை ஆகியவற்றின் அளவை அவர் மாற்றலாம். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. பக்கத்தில் ஒரு துண்டு வெல்லமோ சீனித் தண்ணீரோ தயாராக இருக்கட்டும். பாதத்தில் புண் இருக்கிறதா என்று தினமும் பார்த்துவிடுங்கள்.

முதல் வேலை: நாற்காலி

பர்மியத் தேநீர்க் கடைகளில் போட்டிருக்கும் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல் இதற்கு ஆகாது. அதில் உட்கார்ந்து எழ இளைஞனுக்கே முட்டி முனகும். கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி வேண்டும். உட்காரும் உயரம் ஒன்றரை அடிக்கு ஓர் அங்குலம் குறைவாக இருந்தால் சரி. முதுகுப் பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும், வழுக்கும் டைல்ஸ் தரையாக இருந்தால் காலடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

முதலில் அவர் இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 80 முதல் 84 வயதுக்குள் என்றால் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9 வர வேண்டும். 85 முதல் 89 வயதுவரை இருவருக்கும் 8. 90 முதல் 94 வரை ஆணுக்கு 7, பெண்ணுக்கு 4. அதற்குக் கீழே இருந்தால் விழும் ஆபத்து அதிகம். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லையென்றால் கணக்கு 0. பரவாயில்லை, 0 என்று காலண்டரில் எழுதி வையுங்கள்.

எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பலர் பின்னால் சாய்ந்தபடியே எழ முயன்று திரும்ப விழுகிறார்கள். "ஆத்தா, நாற்காலி முனைக்கு வாங்க" என்று தொடங்குங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு விலகி, முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்க வேண்டும். மூக்கு கால் விரல்களுக்கு மேலே வரும்வரை உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். அப்போது பின்பக்கம் தானாக லேசாகும். அந்த நொடியில் தரையைக் காலால் அழுத்தி எழ வேண்டும். முழுதாக நிமிர்ந்து நின்று ஒரு மூச்சு. பிறகு உட்காரும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழக் கூடாது. இறங்கும் அந்த மூன்று எண்ணிக்கையில்தான் பாதி வேலை நடக்கிறது. சத்தமாக எண்ணச் சொல்வதற்கும் காரணம் உண்டு: வாய் எண்ணினால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது, அதனால் பிரஷர் எகிறாது.

முதல் வாரம் ஒரு முறைக்கு 5 தடவை, காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. முடியாதவருக்கு உயரமான தலையணையோ மடித்த கம்பளியோ நாற்காலியில் போட்டு உட்காரும் உயரத்தைக் கூட்டுங்கள். இரண்டு கையையும் கைப்பிடியில் ஊன்றட்டும். 10 தடவை சுலபமாக வந்ததும் ஒரு கை மட்டும். அப்புறம் கை வேண்டாம். அப்புறம் தலையணை வேண்டாம். அதுவும் சுலபமானால், நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க அரை வீசை (சுமார் 800 கிராம்) அரிசிப் பையைக் கொடுங்கள். இந்த வரிசையில் போனால் யாருக்கும் பயம் வராது. பலமான பயிற்சியை ஒன்றுவிட்டு ஒரு நாள் செய்தால் போதும், திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். தசைக்கு நடுவில் ஓய்வு வேண்டும்.

கூடவே ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, மூன்று எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்குவது. கணுக்காலில் கால் வீசை (சுமார் 400 கிராம்) மணலோ அரிசியோ போட்ட துணிப்பை கட்டிக்கொள்ளலாம். கட்டு இறுக்கமாக இருந்தால் தோல் கிழியும், கவனம். முதியவர் தோல் அப்பளம் மாதிரி.

இரண்டாவது: நிற்பது

இதற்குப் பிடிக்க உறுதியான ஒன்று வேண்டும். அடுப்படி மேடை, கனமான மேசை, பால்கனியின் இரும்புக் கம்பி, எதுவானாலும் சரி. நாற்காலியின் முதுகைப் பிடிக்க வேண்டாம், அது சாயும். முதல் சில வாரம் கட்டாயம் ஒருவர் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் நிற்க வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டே இருக்கத் தேவையில்லை. பிடித்துக்கொண்டே இருந்தால் அவர் உடம்பு வேலை செய்யாது. தடுமாறினால் பிடிக்கிற தூரத்தில் உங்கள் கை இருந்தால் போதும்.

நான்கு நிலைகள். இரண்டு பாதமும் ஒட்டி நிற்பது. ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் பெருவிரல் பக்கம் வருமாறு அரை அடி முன்னால் வைத்து நிற்பது. ஒரு குதிகால் மற்ற பாதத்தின் விரலைத் தொடும்படி ஒரே கோட்டில் நிற்பது. கடைசியாக ஒற்றைக் காலில். ஒவ்வொன்றிலும் 10 விநாடி. மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியவில்லையென்றால் விழும் ஆபத்து கூடுதல் என்று பொருள். அந்த நிலைதான் அவருக்குப் பாடம். இரண்டு கையால் பிடித்துத் தொடங்கி, ஒரு கை, இரண்டு விரல், அப்புறம் கை மேசைக்கு மேலே தொடாமல், என்று போகலாம். இதைத் தினமும் செய்யலாம், பல் துலக்கும்போதுகூட.

அதே மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி விரல் நுனியில் 10 தடவை ஏறி இறங்கட்டும். பிறகு விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது 10 தடவை. பக்கவாட்டில் நண்டு நடையாக மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய் வரட்டும். நியூசிலாந்தில் 1990களில் ஒடாகோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய வீட்டுப் பயிற்சித் திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான்: கணுக்கால் எடை, நிற்கும் பழக்கம், நடை. அதை முதலில் சோதித்ததே 80 வயது தாண்டிய பெண்களிடம்தான்.

யோகா, மூச்சுப் பயிற்சி செய்கிறாரே, போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். செய்யட்டும், நிறுத்த வேண்டாம். ஆனால் உட்கார்ந்தபடி செய்யும் பிராணாயாமம் தொடையில் பலம் ஏற்றாது. எண்ணெய் தேய்த்து உருவி விடுவதும் அப்படித்தான். வலிக்கு இதமாக இருக்கும், பலம் கூடாது.

மூன்றாவது: நடை

வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையே, வழியில் மடிந்த பாய், மின் வயர், சின்ன ஸ்டூல் எதுவும் இல்லாமல் ஒதுக்கிவிட்டு, 5 நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் சரி. கைத்தடி வைப்பவர் என்றால், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்தில் தடியின் பிடி இருக்க வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் வலிக்கிற பக்கத்திலேயே பிடிக்கிறார்கள்.

வெளியே போவது என்றால் செருப்பைப் பாருங்கள். வெல்வெட் வார் வைத்த பர்மியச் செருப்பு அழகுதான், காலை உள்ளே விட்டு உதறிவிட்டுப் போக வசதிதான். ஆனால் 85 வயதுக்காரர் அதை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே காலை இழுத்து இழுத்து நடப்பார். பின்பக்கம் வார் உள்ள, அடியில் பிடிப்புள்ள செருப்பு வாங்குங்கள். லோஞ்சியை (பர்மியக் கைலியை) இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டுங்கள். முடிச்சு நடக்கும்போது அவிழுமென்றால் உள்ளே நாடா தைத்துவிடுங்கள். லோஞ்சி நழுவுகிறதே என்று ஒரு கை அங்கே போய், தடி ஒரு பக்கம் போய், ஆள் ஒரு பக்கம் போவதைப் பார்த்திருக்கிறேன்.

யாங்கோனில் நகர நடுவில் இருப்பவர்களுக்கு சூலே பகோடா பக்கத்திலுள்ள மகாபண்டுலா பூங்கா நல்ல இடம். தரை சமமாக இருக்கும், உட்கார இடம் இருக்கும், காலையில் நடக்க வருகிறவர்கள் துணையாக இருப்பார்கள். இன்யா ஏரிக்கரையும் நல்லதுதான், ஆனால் அங்கே போய்ச் சேர வண்டி வேண்டும். தெருவோர நடைபாதை எனக்குப் பிடிப்பதில்லை. சாக்கடை மேல் போட்ட கற்பலகைகள் பல இடத்தில் ஆடும், சில இடத்தில் இருக்கவே இருக்காது. மே நடுவிலிருந்து அக்டோபர்வரை மழையில் பாசி பிடித்துவிடும். அந்த மாதங்களில் வீட்டுக்குள், கூடத்திலேயே நடந்தால் போதும். மார்ச், ஏப்ரல் வெயிலில் காலை 7 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா நாட்களில் பெரியவரைத் தெருவில் இறக்கவே வேண்டாம். ஷ்வேடகோன் பகோடாவுக்குப் போனால் லிஃப்ட் இருக்கும் வாசல் வழியாகப் போங்கள். மேலே பளிங்குத் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும், மழை பெய்திருந்தால் வழுக்கும், விரிப்பு போட்ட பாதையை விட்டு இறங்க வேண்டாம்.

உலகச் சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, 2 நாள் தசைப் பயிற்சி, 3 நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சி என்று 2020இல் சொன்னது. அந்த 150ஐப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒன்றும் செய்யாததைவிடக் கொஞ்சமாவது செய்வது மேல் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. 5 நிமிடம் இருந்தது 10 ஆனால் அதுவே ஏற்றம்.

படிக்கட்டு

நாற்காலியில் கை ஊன்றாமல் 8 தடவை எழ முடிகிற நிலை வந்ததும் படிக்குப் போகலாம், அதற்கு முன் வேண்டாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். ஒரு படிக்கு இரண்டு காலும் வந்து சேர்ந்த பிறகு அடுத்த படி. கைப்பிடியை விடக் கூடாது. துணைக்கு வருகிறவர் ஏறும்போது அவருக்குப் பின்னால் ஒரு படி கீழே, இறங்கும்போது அவருக்கு முன்னால் ஒரு படி கீழே. எப்போதும் கீழ்ப் பக்கம்தான்.

முதலில் ஒரு மாடி இறங்கி ஏறுவது மட்டும். திருப்பத்தில் ஒரு மடக்கு நாற்காலி வைக்க முடிந்தால் வையுங்கள். அக்கம்பக்கத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் பெரியவர் இருப்பார். நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் படியில் இறங்கினால் துணைக்கு வருகிறவர் கழுத்தில் சார்ஜ் லைட் தொங்க வேண்டும், பகலானாலும்.

பெரியவர் மறுத்தால்

மறுப்பார்கள். "இந்த வயசுல எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? இன்னும் எத்தனை நாள் இருக்கப் போறேன்?" இதற்கு ஆய்வுக் கணக்கெல்லாம் சொன்னால் எடுபடாது. எங்கள் தெருவில் ஒரு பேத்தி சொன்ன பதில்தான் எனக்குத் தெரிந்து நல்ல பதில்: "அப்பத்தா, எத்தனை நாள்ங்கிறது நம்ம கையில இல்ல. இருக்கிற நாள்ல கக்கூஸுக்கு நீங்களே போய்ட்டு வரணுமா, வேணாமா?" அப்பத்தா சிரித்துவிட்டார். மறுநாள் நாற்காலியைச் சுவரோரம் போட்டாயிற்று.

அவர் விரும்புகிற ஒன்றோடு இதை முடிச்சுப் போடுங்கள். காளி கோயிலுக்குத் தன் காலால் நடந்து போவது, திருவிழாவில் பால்குடத்தோடு பத்தடி நடப்பது, பேரன் கல்யாணத்தில் மணவறைவரை போய் அட்சதை போடுவது. நேரத்தையும் இருக்கிற பழக்கத்தோடு சேருங்கள். காலைத் தேநீருக்கு அப்புறம் ஒரு தடவை, சாயங்காலம் விளக்கேற்றும் முன் ஒரு தடவை. நினைவு மங்கியவர்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். எதிரே இன்னொரு நாற்காலி போட்டு நீங்களும் எழுந்து எழுந்து உட்காருங்கள், பார்த்துச் செய்வார்கள்.

அப்புறம், கையில் கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் குறையுங்கள். தண்ணீர்ச் செம்பு அடுப்படியிலேயே இருக்கட்டும், அவர் போய்க் குடிக்கட்டும். கீரை ஆய்வது, பூத் தொடுப்பது, துணி மடிப்பது, அவர் செய்து வந்த வேலை எதையும் பிடுங்காதீர்கள். கயிற்றில் மணி அடித்தால் பால்கனிக்குப் போய் இழுப்பது அவர் வேலையாக இருக்கட்டும், கம்பி உயரமாகவும் உறுதியாகவும் இருந்தால்.

சாப்பாடு

பயிற்சி இல்லாமல் சத்து பானம் பலன் தரவில்லை என்று பார்த்தோம். அதேபோல வெறும் கஞ்சி, ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டு பயிற்சி செய்தாலும் தசை ஏறாது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு நாளுக்கு 50, 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். காலையில் கூவி விற்றுக்கொண்டு போகும் வேகவைத்த பயறு நம் தெருவில் சுலபமாகக் கிடைக்கும் நல்ல சரக்கு. பல் இல்லாதவருக்கு மசித்துக் கொடுக்கலாம். மீன், கருவாடு, பருப்பு, தயிர் எது ஒத்துக்கொள்கிறதோ அது, மூன்று வேளையிலும் கொஞ்சம் கொஞ்சம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரவில் கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். அதுவே மறுநாள் தலைசுற்றல். பகலிலேயே குடிக்க வையுங்கள்.

வலித்தால், விழுந்தால், படுத்தால்

முதல் இரண்டு வாரம் தொடை வலிக்கும். ஒன்றிரண்டு நாளில் போய்விடும் வலி சரிதான். மூட்டு வலி பயிற்சி முடிந்து 2 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை பாதியாகக் குறையுங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, பேச முடியாத மூச்சிரைப்பு, கண் இருட்டுவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, இவை வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரியவர் கீழே விழுந்துவிட்டால், அக்குளில் கை கொடுத்து வெடுக்கென்று தூக்காதீர்கள். முதலில் அப்படியே விட்டுக் கேளுங்கள், எங்கே வலிக்கிறது என்று. ஒரு கால் குட்டையாகவும் வெளிப்பக்கம் திரும்பியும் இருந்தால் இடுப்பெலும்பு உடைந்திருக்கலாம், அசைக்க வேண்டாம். வலி இல்லையென்றால் அவரையே எழ வையுங்கள்: ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையில் ஊன்றி, மண்டியிட்டு, பக்கத்தில் போட்ட நாற்காலியில் இரண்டு கையையும் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுவது. முழங்கால் ஒத்துழைப்பவர்கள் இதை மெத்தை மேல் ஒத்திகை பார்த்து வைப்பது நல்லது.

காய்ச்சலில் படுத்தால் பயிற்சியை நிறுத்துங்கள், ஆனால் சாப்பாட்டை நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுங்கள். முழுநேரம் படுக்கையில் கிடந்தால் 10 நாளிலேயே கால் தசை வற்றத் தொடங்கிவிடும். ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த, சராசரி வயது 87 கொண்ட 370 பேரில் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது அவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்யும் திறனில் மற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அந்த முடிவுகள் 2019இல் வெளியாகின. குணமானதும் விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், பாதி எண்ணிக்கையிலிருந்து ஏறுங்கள்.

4 வாரத்துக்கு ஒரு முறை அந்த 30 விநாடிச் சோதனையை மறுபடி வைத்து, காலண்டரில் பழைய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள். 12 வாரம் ஆகியும் எண் நகரவில்லையென்றால் மூன்றைப் பாருங்கள். பயிற்சி அவருக்கு மிகச் சுலபமாகிவிட்டதா? தட்டில் பயறும் மீனும் வருகிறதா, வெறும் சோறா? புதிதாக ஏதாவது மாத்திரை சேர்ந்ததா? மூன்றும் சரியாக இருந்தும் எண் இறங்கினால், அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ரத்தசோகை, தைராய்டு, இதயக் கோளாறு என்று ஏதாவது ஒன்று உள்ளே இருக்கலாம்.